மீனெண்ணெய் மேஸ்திரி

கடலோரத் திரேஸ்புரத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ரோச்சைப் பார்க்கிற வரைக்கும் யாரும் நம்பவில்லை. பதினைந்து வயதில் அப்பாவின் வள்ளத்தில் முதன்முதலாக ஏறினான். நங்கூரம் பாதிதான் மேலே வந்திருந்தது. அதற்குள் அவன் காலையில் குடித்த கஞ்சி முழுதும் மேலே வந்துவிட்டது. கரையில் நின்றவர்கள் அன்று சிரித்த சிரிப்பு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஓயவில்லை.

அப்பா விக்டர் சாமானியப்பட்ட ஆள் அல்ல. ஒருமுறை நடுக்கடலில் பாய் கிழிந்து தொங்கியபோது, இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கட்டி வள்ளத்தைக் கரைசேர்த்தவர். அன்றைக்கு மீனுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோயில் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த கதை. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகன். அவரும் லேசில் விடவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார். சுக்கை வாயில் அடக்கச் சொன்னார். "தூரத்துல ஒரு இடத்தையே பாத்துக்கிட்டு இருலே" என்று தலையைப் பிடித்துத் திருப்பி வைத்தார். பனிமய மாதாவுக்கு வெள்ளியில் சின்ன வள்ளம் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டார். கடைசியில், உப்பு மூட்டை ஏற்றிய தோணி ஒன்றில் கொழும்புக்கே அனுப்பிவைத்தார். போய்வந்தவனிடம் கொழும்பு எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"தரை நல்லா இருந்துச்சு" என்றான் ரோச்.

அதற்குப் பிறகு அவன் கரையோடு கிடந்தான். சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் இறக்குகிற கொட்டகையில் வேலை. வள்ளத்து மரத்தில் பூச அந்த எண்ணெய் வேண்டும்; ஆனால் அதைக் காய்ச்சுகிறவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் மூக்கு இல்லை. கோயிலில் அவனைச் சுற்றி நாலு பேர் உட்காரும் இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். பெண் தேடியபோதும் அதுவே குறுக்கே நின்றது. கருவாட்டு வியாபாரியின் மகள் மரியசெல்வி ஒருத்திக்குத்தான் அவனிடம் எந்த வாடையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கருவாட்டுக் குவியலுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? கலியாணம் அமோகமாக நடந்தது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், கொட்டகைக்கு வெளியே நூறு அடி தள்ளி ஒருவர் வந்து நின்றார். கோட்டு, தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி, மூக்கில் கற்பூரம் முடிந்த கைக்குட்டை. வயல்களில் புது முறைகளைச் செய்துகாட்டுகிற, விவசாய இலாகாவின் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆறுமுகநயினார். வெள்ளிக்கிழமையில் வெங்காயம்கூட உரிக்காத வீட்டுக்காரர். அவருக்குப் போய் சர்க்கார் இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருந்தது.

"பருத்தியில சாறு உறிஞ்சுத பூச்சி விழுந்திருக்குவே" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். "சீமை மருந்து கப்பல்ல வார காலமா இது? மீனெண்ணெய்ச் சவுக்காரத்தை, சோப்பைத்தான்வே, கரைச்சு அடிக்கணும்னு உத்தரவு. நான் அதைத் தொட்டேன்னா எங்க வீட்டு அடுப்படிப் பக்கம் விடமாட்டாவ. சவுக்காரம் காய்ச்சி, வயலுக்குக் கொண்டாந்து, அடிச்சும் கொடுக்க ஒரு ஆள் வேணும்."

"கரையிலதான அய்யா வேலை?"

"கரையா? பதினஞ்சு மைலுக்குக் கடலே கண்ணுல படாதுவே."

ரோச் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

வேலை அந்த ஒரு பருவத்துக்குத்தான். தை மாதக் கடைசியில் பெரிய ஆபீசர் வயலைப் பார்க்க வருவார். மருந்து வேலை செய்திருந்தால் ரோச்சை நிரந்தர மேஸ்திரியாகப் போடுவார் என்று பேச்சு. விக்டர் இதைக் கேட்டுத் தாடையைத் தடவினார்.

"சரி. மேஸ்திரின்னு கடுதாசி கெடச்சா நீ அங்கனயே இரு. கெடைக்கலன்னா மாசி ஒண்ணாந்தேதி வள்ளத்துல வந்து ஏறணும். அணியத்துல உனக்கு இடம் வச்சிருக்கேன்."

அணியம் என்பது வள்ளத்தின் முன்மூக்கு. வருகிற அலை ஒவ்வொன்றும் முதலில் அதைத்தான் தூக்கிப்போட்டு அடிக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ரோச் தரையில் நின்றபடியே பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

திரேஸ்புரத்தை ஒட்டிய நகரத்து ஆலைகளில் பருத்திப் பொதியை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற மாட்டுவண்டிகள் தினமும் உண்டு. அப்படி ஒரு வண்டியில் சவுக்கார டின்களோடு ஏறி ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கள்ளிக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். கரிசல் மண், எங்கே பார்த்தாலும் செடி, ஒரு சொட்டு அலை கிடையாது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி பள்ளத்திலும் மேட்டிலும் விழுந்து எழுந்தபோதும் அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதான் வந்தான்.

அந்த ஊர் வடிவம்மாளின் வயலில்தான் மருந்தடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவளுக்குக் கிணற்றடியில் மூன்று ஏக்கர் கம்போடியா ரகப் பருத்தி. தானே உழவும் பார்த்து, தண்ணீரும் பாய்ச்சி, ஊர் ஆண்களையும் அதட்டி வேலை வாங்குகிற பெண்பிள்ளை. செடி நல்ல வளர்த்திதான். ஆனால் இலையெல்லாம் ஓரத்தில் மஞ்சளித்து, பிறகு செங்கல் நிறமாகச் சிவந்து, கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது.

"எல்லாம் உங்க கடக்காத்து செய்யுத வேலை தம்பி" என்றாள் ரோச்சைப் பார்த்து. "உப்புக் காத்து அடிச்சு அடிச்சு இலை கருகிப்போச்சு."

கடல் மேல் பழி போடுவதில் ரோச்சுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனாலும் ஒரு இலையைப் பறித்து அடிப்பக்கத்தைத் திருப்பினான். நரம்போரமாக இளம்பச்சையில் எள்ளைவிடச் சின்னதாக ஏழெட்டு உயிர்கள். வாயால் லேசாக ஊதினான். அவை முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் ஓடவில்லை. பக்கவாட்டில் குறுக்கே குறுக்கே ஓடின.

"அக்கா, இது நண்டுல்லா" என்றான் ரோச்.

வடிவம்மாள் குனிந்து பார்த்தாள். அவளும் ஒருமுறை ஊதினாள். அவை மறுபடி குறுக்கே ஓடின. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்கிற சிரிப்பு. அடுத்த வயல்காரி என்ன என்று கேட்டு வந்தாள். அவள் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தாள். பொழுது சாய்வதற்குள் ஊரே இலையைப் புரட்டி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறுமுகநயினார் காற்றுக்கு மேல்பக்கமாக நின்றுகொண்டு, அதன் பெயர் தத்துப்பூச்சி, குஞ்சும் தாயும் சேர்ந்து இலையின் சாற்றை உறிஞ்சும், அதனால்தான் இலை சிவக்கிறது, இப்படியே விட்டால் காய் பிடிக்காது என்று புத்தகத்தில் உள்ளபடி விளக்கினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு நண்டுப்பூச்சி என்றே சொன்னார்கள். இன்னொரு மூலையில் கொழுந்தில் அசுவினி என்கிற குட்டிப் பூச்சி அப்பிக் கிடந்தது. ரோச் அதை மீன் சினை என்றான். எந்தச் செடியில் எறும்பு வரிசையாக ஏறுகிறதோ அதில் சினை இருக்கும், அது ஒழுகவிடுகிற பிசுபிசுப்பைத் தின்னத்தான் எறும்பு போகிறது என்று இரண்டே நாளில் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட வண்டு ஒன்று அந்தச் சினையைத் தின்றுகொண்டிருப்பதையும் பார்த்தான்.

"அதை மட்டும் யாரும் நசுக்கிறாதீய. அது நம்ம வள்ளத்து ஆளு" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

இப்படியே கார்த்திகையும் மார்கழியும் அக்கம்பக்கத்து ஊர்களில் இலை புரட்டுவதிலேயே ஓடின. மருந்தடிக்கிற பம்பு இலாகாவிலிருந்து வந்து சேரத் தை பிறந்து பாதி ஆகிவிட்டது. அதை முதுகில் மாட்டிக்கொண்டு ரோச் வடிவம்மாள் வயலில் இறங்கினான். ஆறுமுகநயினார் வழக்கம்போலத் தூரத்திலிருந்து கைக்குட்டைக்குள்ளாகக் கத்தினார்.

"தண்ணி நல்ல தண்ணியான்னு பாத்துக்கிடும்வே. ஒரு ராத்தல் சவுக்காரத்துக்கு எட்டு கேலன் தண்ணி."

ரோச் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். திரேஸ்புரத்துக் கிணறுகளில் பாதி கடல்தான். அந்தத் தண்ணீரில் குழம்பு வைத்தால் உப்புப் போட வேண்டாம். அதையே குடித்து வளர்ந்த நாக்கு அது.

"இளநீ மாதிரி இருக்கு அய்யா" என்றான் மனதார.

கள்ளிக்குளத்துக்காரர்கள் யாரும் அந்தக் கிணற்றில் குடிக்க மாட்டார்கள், உப்பு என்று மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் காட்டுவார்கள், குடிக்க மழைத்தண்ணீர் தேங்கும் ஊருணிக்குத்தான் போவார்கள் என்பதை அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து யாருக்குத்தான் மறுத்துச் சொல்ல மனம் வரும்?

சவுக்காரம் அந்தத் தண்ணீரில் கரைய மறுத்தது. திரிதிரியாகத் திரண்டு மிதந்தது. ஊற்றி அடித்தால் பம்பின் மூக்கு அடைத்துக்கொண்டது. ரோச் மூக்கைத் திருகிக் கழற்ற, உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் பீய்ச்சி அடித்தது. பாதி அவன் முகத்தில், மீதி நூறு அடி தள்ளி நின்ற ஆறுமுகநயினாரின் தலைப்பாகையில். எப்படி அவ்வளவு தூரம் போனது என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பூனைகள் வந்தன. கடலையே கண்டிராத கரிசல்காட்டுப் பூனைகளுக்கு மீனை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, வரப்பு வழியாகப் பதினோரு பூனை வரிசையாக வந்தது. ஒன்று ரோச்சின் முதுகில் ஏறிப் பம்பை நக்க ஆரம்பித்தது. ஊர் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போயிற்று. இலையின் அடியில் நண்டுகள் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன.

ஆறுமுகநயினார் மூன்று முறை குளித்துவிட்டு வந்து சொன்னார். "வெள்ளிக்கிழமை தை கடைசி. அன்னைக்கு ஆபீசர் வாராரு. அவர் இலையைப் பொரட்டுதப்போ ஒரு பூச்சி ஓடப்படாது. ஓடிச்சுன்னா உமக்கு வேலை இல்ல, எனக்கு மானம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ரோச் வீட்டுக்கு வந்தபோது விக்டர் வள்ளத்தின் அணியத்தில் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மகன் விழுந்துவிடாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளத்தான். "மெத்துன்னு இருக்குலே, உறுத்தாது" என்று பாசமாகச் சொன்னார். ரோச்சுக்கு அழுகையே வந்துவிட்டது.

நடந்ததையெல்லாம் மரியசெல்வியிடம் சொன்னான். பாதிவரை பொறுமையாகக் கேட்டவள், தண்ணீரைக் குடித்துப் பார்த்த இடம் வந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"தலை குளிக்க மழைத்தண்ணிய எதுக்குப் பானை பானையாப் பிடிச்சு வைக்கேன்னு என்னைக்காவது கேட்டிருக்கீயளா? உப்புத் தண்ணியில சவுக்காரம் நுரைக்குமா? தயிராத்தான் திரியும். இந்த ஊர்ல பொறந்த சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாதது, வாழ்நாள்ல ஒரு பனியன்கூடத் துவைக்காத ஆம்பளைகளுக்குத்தான்."

ரோச்சுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஏளா, நீதான் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் வண்டியைப் பிடிக்க ஓடினான்.

ஊருணித் தண்ணீரைக் கேட்பது அத்தனை சுலபமா? கள்ளிக்குளத்தில் செருப்புக் காலோடு யாரும் ஊருணிக் கரையில்கூட ஏறமாட்டார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மீனெண்ணெயில் கலக்கவா என்று பெரியவர்கள் துள்ளினார்கள். வடிவம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னைக்கு என் செடி. நாளைக்கு உங்க செடி. நண்டு வீடு பாத்தா வரும்? ஒரு வீட்டுக்கு ஒரு குடம். அவங்கவங்க பங்குலருந்து கொடுங்க. சவுக்கார டின்னு ஊருணிப் பக்கம் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பது பெண்கள் நாற்பது குடத்தோடு வரிசையாக வந்தார்கள். ஒரு கை குடத்தில், ஒரு கை மூக்கில். ரோச் சவுக்காரத்தை முதலில் வெந்நீரில் உருக்கி, ஒவ்வொரு குடமாக ஊற்றிக் கலக்கினான். நுரை எழும்பியது. தொட்டி விளிம்பு தாண்டி வழிந்தது, காற்றில் பிய்ந்து பறந்தது, குனிந்து பார்த்தவர்கள் தலையிலெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. எவருடைய குடத்துக்கு நுரை அதிகம் என்று பெண்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. பூனைகளுக்குத் தனியாக ஒரு சட்டி வைக்கப்பட்டது.

காற்றைக் கணிக்க ரோச்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் அவனுக்குக் கொடுத்த ஒரே சீதனம் அது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து, பம்பின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, குனிந்து குனிந்து இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடித்தான். சிவப்பு வண்டு இருந்த கொழுந்துகளை விட்டுவிட்டான். ஒப்பிட்டுப் பார்க்க நாலு வரிசையை மட்டும் மருந்து படாமல் வைத்தார்கள். மறுநாள் இலையைப் புரட்டி ஊதிப் பார்த்தான். எதுவும் ஓடவில்லை. இன்னொரு இலை. இன்னும் பத்து இலை. எதுவுமே ஓடவில்லை. ரோச் வயலுக்கு நடுவே நின்று ஒரு ஆட்டம் ஆடினான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசர் காரில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு வரிசையாக நடந்து, குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு இலைகளைப் புரட்டினார். சுத்தமாக இருந்தது. மருந்தடிக்காத வரிசைக்கு வடிவம்மாள் அவரை இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் ஒரு இலையை நீட்டினாள். அதில் பூச்சிகள் ஓடின.

"இந்தப் பூச்சியின் பெயர் என்ன?" என்று ரோச்சைக் கேட்டார்.

தத்துப்பூச்சி என்ற பெயரையும் அதன் சீமைப் பெயரையும் ஆறுமுகநயினார் மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். ரோச் வாயைத் திறந்தான். இரண்டும் போய்விட்டன. அணியமும் கயிறும் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"நண்டு" என்றான்.

ஆறுமுகநயினார் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற நாற்பது பெண்களும் ஒரே குரலில், "ஆமா, நண்டுதான்" என்றார்கள்.

ஆபீசர் இலையை முகத்தருகே கொண்டுபோய் ஊதினார். பூச்சிகள் குறுக்கே ஓடின. மறுபடி ஊதினார். அவர் மீசை ஒரு பக்கம் கோணியது. பையிலிருந்து கடுதாசி எடுத்து, காரின் முன்பக்கத்தில் வைத்து நாலு வரி எழுதி ஆறுமுகநயினாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆறுமுகநயினார் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிறகு கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, மீனெண்ணெய் வழிகிற ரோச்சைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரின்னு போட்டிருக்காருவே."

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் வயலோரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. விடிந்தால் மாசி ஒன்று. மகனைக் கையோடு அழைத்துப்போக விக்டரே புறப்பட்டு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுவரை கரையை விட்டு உள்ளே வராதவர், மாட்டுவண்டியில் ஏறியது அன்றுதான். பதினைந்து மைல், வண்டித்தடத்துப் பள்ளத்தில் விழுந்து விழுந்து, பின்னால் பார்த்து உட்கார்ந்தபடி வந்திருக்கிறார். இறங்கியவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை, காலையில் குடித்த கஞ்சி வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ரோச் ஓடிப்போய் அவரைத் தாங்கி வரப்பில் உட்காரவைத்தான். மகனுக்கென்று அவர் மடியில் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் மூக்கிலேயே வைத்தான். தலையை மெல்லப் பிடித்துத் திருப்பினான்.

"தூரத்துல ஒரு இடத்தையே பாத்துக்கிட்டு இருங்கப்பா."

விக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து இரண்டு உள்ளங்கைகளையும் கரிசல் மண்ணில் அழுத்தி வைத்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"தரை நல்லா இருக்குலே" என்றார். "அணியத்துக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

வண்டிக்காரன் எவ்வளவோ கூப்பிட்டும் திரும்பும்போது அவர் ஏறவில்லை. பதினைந்து மைலையும் நடந்தே போனார். பக்கத்தில் ரோச் நடந்தான், அவனுக்குப் பின்னால் மூன்று பூனைகள் நடந்தன.